மனச்சோர்வு மருந்தும் இரவு நித்திரையும்

மனநல வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தவர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தால், அது தூக்க மாத்திரையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவது நம் ஊர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். வீட்டிலுள்ளவர்கள் அப்படி நினைக்கிறார்கள். அண்டை அயலார் அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். பல சமயங்களில் அதை விழுங்குகிறவரே அப்படித்தான் நம்புகிறார். இந்த நம்பிக்கையோடு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடத் தொடங்கிய ஒருவர், முதல் வாரத்திலேயே இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய், ஊர் அடங்கிய பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்க நேர்ந்தால், வைத்தியர் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டார் என்றோ, தம்முடைய வியாதி எந்த ஔஷதத்துக்கும் கட்டுப்படாத அளவுக்கு முற்றிவிட்டது என்றோ தாமாகவே அனுமானித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரண்டு அனுமானங்களும் பெரும்பாலும் பிழையானவை. ஆனால் அவற்றின் விளைவாக வரும் நிறுத்தம் மட்டும் உண்மையானது. அதன் துன்பமும் உண்மையானது.

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குத் தூக்கம் கெடுவதற்கு மூன்று மூலகாரணங்கள் உண்டு. வியாதி தானே தூக்கத்தைக் கெடுக்கலாம், மருந்து கெடுக்கலாம், இவை இரண்டும் ஓய்ந்த பின்னும், தூங்காமல் கிடந்து பழகிய சரீரம் அந்தப் பழக்கத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. எது காரணம் என்பதை அறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. தொல்லை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, மாத்திரை எந்தத் தேதியில் ஆரம்பித்தது, இரவில் எந்த வேளையில் விழிப்பு வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். வைத்தியரின் எதிரில் உட்கார்ந்து, பொதுவாக 'தூக்கமே இல்லை' என்று சொல்பவரைக் காட்டிலும், 'பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறேன், மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் இல்லை, மருந்துக்கு முன்பும் இப்படித்தான்' என்று சொல்பவருக்குச் சரியான சிகிச்சை கிடைக்க அதிக வாய்ப்பு உண்டு.

வியாதியின் பங்கை முதலில் பார்ப்போம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு விதத்தில் நித்திரைக் குறை இருக்கவே செய்கிறது. அவற்றுள் மிகவும் பிரசித்தமானது விடியலுக்கு முந்தைய விழிப்பு: படுத்ததும் தூக்கம் வந்துவிடும், ஆனால் பால்காரர் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கண் திறந்துகொள்ளும், அந்த வேளையில்தான் மனத்தின் பாரமும் அன்றைய நாளிலேயே உச்சத்தில் இருக்கும். சிலருக்கு இதற்கு நேர் எதிராக, பகலெல்லாம் தூங்கினாலும் தீராத உறக்கம் வருவதுண்டு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், உறங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்விழிகள் அவ்வப்போது வேகமாக ஓடுகின்றன என்பதையும், அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள் என்பதையும் வெளியிட்டார்கள். இந்தக் கனவு நித்திரை சாதாரணமாகத் தூங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகே முதன்முதலாக வரும். மனச்சோர்வுள்ள பலரிடம் அது அவசரப்பட்டு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆழ்ந்த உறக்கமோ குறைந்துபோகிறது. ஆகவே ஆறு மணி நேரம் தூங்கியும் களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதைச் சோம்பேறித்தனத்தின் சாக்கு என்று வீட்டார் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் சொல்லத்தான் வேண்டும். மனச்சோர்வு உள்ளவரை ஓர் இரவு முழுவதும் உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுநாள் மனம் தெளிந்துவிடுகிறது. ஆனால் அடுத்த முறை தூங்கி எழுந்ததும் அந்தத் தெளிவு பெரும்பாலும் மறைந்துபோகிறது. 1970களில் ஜெர்மானிய வைத்தியர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். வீட்டில் செய்து பார்க்கத்தக்க சோதனை அன்று இது. எனினும் தூக்கமும் மனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதம், நாம் நினைப்பதுபோல் 'நன்றாகத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற அளவுக்கு எளிதானதன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி மருந்தின் பங்கு. மனச்சோர்வு மருந்துகளின் சரித்திரத்தைப் பார்த்தால், அந்தக் குலம் பிறக்கும்போதே இரண்டு சுபாவங்களோடு பிறந்தது தெரியவரும். 1952இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரலைப் பற்றிய சங்கதி ஒருபுறமிருக்க, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உற்சாகமாக நடமாடத் தொடங்கியதையும், பசியெடுத்து உண்டதையும், அதே சமயத்தில் சிலர் தூக்கமில்லாமல் பரபரத்ததையும் வைத்தியர்கள் கண்டார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் பிற்காலத்தில் அந்த மருந்து பல தேசங்களில் வழக்கொழிந்தது. இன்னொரு கிளை, ஒவ்வாமைக்காகத் தயாரிக்கப்பட்ட மருந்துகளின் வம்சத்தில் உதித்தது. ஸ்விட்ஸர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல ஆஸ்பத்திரியில் ரோலண்ட் கூன் என்பவர், அவ்வம்சத்தைச் சேர்ந்த இமிப்ரமின் மனச்சோர்வை நீக்குவதை 1957இல் வெளியிட்டார். சளி, தும்மல் மாத்திரை சாப்பிட்டால் எப்படிக் கண் சொக்குகிறதோ அப்படியே இந்தக் கிளையைச் சேர்ந்த அமிட்ரிப்டிலினும் உறக்கத்தைக் கொண்டுவருகிறது. ஒரு கிளை எழுப்பும், ஒரு கிளை உறங்கவைக்கும் என்ற இந்தப் பழைய பேதம், பெயர்கள் மாறினாலும், இன்றைய மருந்துக் கடையின் அலமாரியிலும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

காரணம் மூளையின் இரசாயனத்தில் இருக்கிறது. மூளைத்தண்டில் செரடோனின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், நாம் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இயங்கி, உறக்கத்தில் தணிந்து, கனவு நித்திரையில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகின்றன. இன்று நம் நாட்டில் மிகுதியாக எழுதப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின் முதலியவை இந்தச் செரடோனினை மூளையில் அதிகநேரம் தங்கச் செய்பவை. விழிப்பின் இரசாயனம் இரவிலும் குறையாமல் நிற்குமானால், உறக்கம் அடிக்கடி கலைவதிலும், கனவு நித்திரை தாமதமாகி அளவில் சுருங்குவதிலும் வியப்பில்லை. வென்லாஃபாக்ஸின் செரடோனினோடு சேர்த்தும், புப்ரோபியான் அதை விட்டும், விழிப்பூட்டும் வேறு இரசாயனங்களை உயர்த்துவதால், அவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. மிர்ட்டாஸபின், டிரஸோடோன், அமிட்ரிப்டிலின் ஆகியவையோ, மூளையை விழிக்கச் செய்யும் ஹிஸ்டமின் முதலியவற்றின் வாயில்களை அடைத்து, உறக்கத்தைத் தருகின்றன. ஆனால் இவ்வகைப் பாகுபாடு பொதுவிதியே தவிர, தனிமனிதருக்குரிய ஜாதகம் ஆகாது. ஒரே எஸ்சிட்டலோபிராம் ஒருவரைக் கொட்டாவி விடவைக்கும். அவருடைய உடன்பிறந்தாரை இரவெல்லாம் உட்காரவைக்கும்.

ஆதலால் முதலில் செய்ய வேண்டியது, மாத்திரையை எந்த வேளையில் சாப்பிடுவது என்பதை வைத்தியரோடு கலந்து தீர்மானிப்பது. எழுப்புகிற சுபாவமுள்ளதைக் காலைச் சிற்றுண்டிக்குப் பின்னும், உறங்கவைக்கிற சுபாவமுள்ளதை இரவிலும் கொடுப்பதே பொது வழக்கம். 'இரவு ஒன்று' என்று சீட்டில் எழுதியிருந்ததைத் தாமாகவே காலைக்கு மாற்றிக்கொண்டு, அந்த மாத்திரை உறங்கவைக்கும் ரகமாயிருந்ததால் இருசக்கர வாகனத்தின்மேல் தலைசுற்றிப் போகிறவர்களும் உண்டு. ஆகவே கேட்டுவிட்டு மாற்றுவதே நலம். ஃபுளூவாக்ஸெட்டின் விஷயத்தில் வேளையை மாற்றுவதால் கிடைக்கும் பலன் சற்றுக் குறைவுதான். அதுவும் அது உடலில் மாறி உண்டாகும் பொருளும் நாள் கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், உடலில் தங்குவதால், இரத்தத்தில் அதன் அளவு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக ஏறியிறங்குவதில்லை.

அடுத்தது பொறுமை. உபத்திரவம் முதலில் வரும், உபகாரம் பின்னால் வரும் என்பதுதான் இந்த மருந்துகளின் கெட்ட குணம். தூக்கக் கேடு, குமட்டல், படபடப்பு ஆகியவை முதல் ஓரிரு வாரங்களில் தோன்றிப் பலருக்குத் தாமாகவே தணிந்துவிடுகின்றன. மனம் தெளிவதற்கோ இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகிறது. இடைப்பட்ட அந்தக் கஷ்ட காலத்தைக் கடப்பதற்காகவே வைத்தியர்கள் குளோனஸெபாம் போன்ற ஒரு தூக்க மருந்தைச் சிறிய அளவில், சில வாரங்களுக்கு மட்டும், கூடச் சேர்த்து எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடக்கி விற்பதும் நம் நாட்டில் சர்வசாதாரணம்.

இந்தத் துணை மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் நம் வீடுகளில் நடக்கும் அனர்த்தங்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. நோயாளி அனுபவத்தால் ஒரு கணக்குப் போடுகிறார்: மனச்சோர்வு மருந்தைச் சாப்பிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, குளோனஸெபாமைச் சாப்பிட்டால் அரை மணியில் கண் சொக்குகிறது, ஆகவே வேலை செய்கிற மருந்து இதுதான், அது வீண். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நெடுநாள் சாப்பிட வேண்டிய மருந்தை விட்டுவிட்டு, சில வாரங்களில் விட வேண்டிய மருந்தைப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இவ்வகை மருந்துகள் நாளாக ஆக அதே அளவில் அதே உறக்கத்தைத் தருவதில்லை. விட்டால் முன்னிலும் மோசமான விழிப்பைத் தருகின்றன. முதியவர்களை இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழச்செய்து இடுப்பெலும்பை முறிக்கின்றன. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கவல்லவை. வருஷக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரவும் கூடும். ஆகையால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட யாரும் முற்பட வேண்டாம். வைத்தியரைக் கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டு வருவதே முறை. வைத்தியர் முதன்முறை இதை எழுதும்போதே 'எத்தனை நாளைக்கு?' என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளும் துணிவு நோயாளிக்கோ உடன் வந்தவருக்கோ இருக்குமானால், இவ்வளவும் நேராது.

தூக்கமின்மை என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் வேறு சில உபத்திரவங்களும் ஒளிந்திருப்பதுண்டு. படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் தோன்றி, அசைத்தாலும் நடந்தாலும் மட்டுமே நிம்மதி கிடைக்கிறது என்றால், அது அமைதியற்ற கால் நோய். ஸ்வீடன் தேசத்து வைத்தியர் கார்ல் ஆக்ஸல் எக்போம் 1945இல் விவரித்த இந்த நோயை மனச்சோர்வு மருந்துகள் பல தூண்டிவிடும். விசேஷமாக, உறங்கவைப்பதற்காகவே கொடுக்கப்படும் மிர்ட்டாஸபின் தூண்டும் என்பது ஒரு முரண். உடலில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இது அதிகம். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது; ஆகவே நம் பெண்கள் மாலையானால் 'கால் குடைகிறது' என்று சொல்லும்போது அதை வயதின் குறையாகத் தள்ளாமல், ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது உசிதம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம்; அது 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது இந்நோயில் வழக்கம். இரவில் தலையணை நனையும் வியர்வை, பல்லைக் கடித்தல், கனவுகள் அச்சமூட்டும் அளவுக்குத் துலக்கமாதல் ஆகியவையும் இம்மருந்துகளால் வருவதுண்டு. கனவில் சண்டையிடுகிறவர் நிஜமாகவே கையை ஓங்கிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிட்டால், அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கியபின் உடல் பெருத்துக் குறட்டையும் கூடியிருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

காப்பியைத் தொடாமல் தமிழில் தூக்கத்தைப் பற்றி எழுதிவிட முடியாது. காப்பியிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையச் சாதாரணமாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணி டிகிரி காப்பியில் பாதி இரவு பத்துக்கும் உடலில் இருக்கிறது என்று அர்த்தம். ஃபுளூவாக்ஸமின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கோ, கஃபீனைச் சிதைக்கும் கல்லீரலின் நொதியை அம்மருந்து முடக்கிவிடுவதால், அந்த ஐந்து மணி நேரம் முப்பது மணி நேரத்தை எட்டிவிடுகிறது. எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) இம்மருந்து நம் நாட்டில் எழுதப்படுகிறது. அதைச் சாப்பிடுகிறவர் காலையில் குடித்த காப்பி மறுநாள் காலைக் காப்பி வரும்போதும் உடலில் பாதிக்குமேல் உட்கார்ந்திருக்கிறது. பாவம், அவர் தம் மனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது காரணமாகிய பழக்கத்துக்கு மாத்திரை கிடையாது. மாதக்கணக்கில் படுக்கையில் புரண்டு கவலைப்பட்டவருக்கு, படுக்கை என்பதே கவலைப்படும் இடமாகிவிடுகிறது. கூடத்தில் நாற்காலியில் கண் சொக்கியவர் படுக்கையில் தலை வைத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972இல் இதற்கு ஒரு முறையை வகுத்தார்: தூக்கம் வந்தாலொழியப் படுக்கக்கூடாது; ஏறக்குறைய இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய்விட வேண்டும்; தூக்கம் வந்தபின் திரும்பலாம்; எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் இன்னொன்றைச் சேர்த்தார்: எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவர், படுக்கும் நேரத்தையே ஏறக்குறைய ஐந்தரை மணியாகக் குறைத்துக்கொண்டு, உறக்கம் கெட்டிப்பட்டபின் வாரத்துக்குக் கால் மணியாக நீட்டிக்கொள்ள வேண்டும். இவற்றை உள்ளடக்கிய சிகிச்சையையே, நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் கைக்கொள்ள வேண்டிய முதற்சிகிச்சையாக 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி பரிந்துரைத்தது. மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தும் இதைச் செய்யலாம். இருமுனைக் கோளாறோ வலிப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேளாமல் உறக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது.

இந்த நியமங்களை வகுத்தவர்கள் தனி அறையும் தனிக் கட்டிலும் உள்ள தேசத்தவர்கள் என்பதை மறக்கலாகாது. ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து நாலு பேர் படுக்கும் வீட்டில், இருபது நிமிஷத்துக்கொரு முறை எழுந்து உலாவினால் வீடே எழுந்துவிடும். 'என்னப்பா, இன்னும் தூங்கவில்லையா?' என்று அம்மா கேட்கும் கேள்வியே மிச்சத் தூக்கத்தையும் கொண்டுபோய்விடும். அங்கே சாத்தியமானது, பாயைவிட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதும், கைப்பேசியைத் தொடாதிருப்பதும், கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவதும், இதைப்பற்றி வீட்டாருக்குப் பகலிலேயே சொல்லி இரவில் விசாரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்வதும்தான். எல்லாவற்றையும் கடைப்பிடிக்க முடியாவிட்டால் எழும் நேரத்தை மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமை உட்பட மாற்றாமல் வைத்துக்கொண்டு, எழுந்ததும் வாசலிலோ மொட்டை மாடியிலோ அரை மணி நேரம் வெளிச்சத்தில் நின்றால் போதும். பிற்பகல் உறக்கத்தை அரை மணிக்குமேல் நீளவிடாதிருந்தால் இன்னும் நல்லது. படுத்த நேரம், விழித்த நேரம், மாத்திரை சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் காலையில் குறித்துவைத்தால், இரண்டு வாரத்தில் வைத்தியருக்குக் காட்டத்தக்க ஒரு ஜாபிதா கையில் இருக்கும்.

காத்திராமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஒருவர் இரவில் மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், அளவுக்கு மீறிப் பேசி, பெரிய பெரிய திட்டங்கள் போட்டு, பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கத் தொடங்கினால், வீட்டார் 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்ந்துபோகக்கூடாது; மனச்சோர்வின் மறுபக்கமாகிய மனவெழுச்சி தலைகாட்டுகிறது என்று கொள்ள வேண்டும். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் மருந்தின் தொடக்கத்திலோ அளவு கூட்டியபோதோ இருப்புக்கொள்ளாத தவிப்போடு தூக்கமிழந்தால் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். இந்த வயதினருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலும் 2007இலும் எச்சரிக்கை விதித்திருக்கிறது. அத்தகைய எண்ணம் எந்த வயதினருக்கு வந்தாலும் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்; மத்திய அரசின் இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

மருந்தை நிறுத்தும் காலத்திலும் தூக்கம் ஒரு முறை கலங்கும். வென்லாஃபாக்ஸின், பாராக்ஸெட்டின் போன்றவை உடலைவிட்டு விரைவில் நீங்குவதால், இரண்டு வேளை தவறினாலே தலைசுற்றலும், நெடுநாள் அடங்கிக்கிடந்த கனவு நித்திரை பெருக்கெடுப்பதால் கொடுங்கனவுகளும் வருவதுண்டு. ஊர்க் கல்யாணத்துக்குப் போனவர் மாத்திரை அட்டையை வீட்டிலே மறந்துவிட்டு, மூன்றாம் நாள் தூங்காத கண்ணோடு 'வியாதி திரும்பிவிட்டது' என்று பயப்படுகிறார். நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ஓரிரு நாளில் ஓடிப்போகிற தூக்கமின்மை, மருந்து விட்டதால் வந்தது. நிறுத்திச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, விடியலுக்கு முந்தைய பழைய விழிப்பாக மெல்ல மெல்லத் திரும்புவது, வியாதி திரும்புவதன் அறிகுறி. முன்னதற்கு மருந்தை இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டும். பின்னதற்குச் சிகிச்சையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். இரண்டையும் பிரித்தறிய வைத்தியர் முதலில் கேட்பது கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியைத்தான்.